வெள்ளிக்கிழமைச் சேவல்

வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் கோயில் மணி கேட்டால் எனக்குக் கோழிக்குழம்பு வாசனை வரும். மற்ற நாள் மணிக்கு வராது. இப்போது நான் இருக்கிற டவுன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அம்மன் கோயில். பூசாரி மணிக்கயிற்றைத் தொட்டாரோ இல்லையோ, மிளகு வறுபடும், வெங்காயம் எண்ணெயில் விழும், ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்கும். என் அடுப்பில் என்னவோ பருப்புத்தான் கொதித்துக்கொண்டிருக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போவேன், வாசலுக்குப் போவேன், திரும்பி வந்து பேனாவை எடுப்பேன், வைப்பேன். ஓரிடத்தில் கால் தரிக்காதவள் என்று வீட்டில் எனக்குப் பெயர். அந்த மணி அடிக்கிறபோது ஒருத்தி எப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்?

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே, பஸ் ரோட்டில் இறங்கி ஏறி நடக்கவேண்டிய தேயிலைத் தோட்டம் எங்களுடையது. லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாருக்கும் மாரியம்மன். நடுவிலே நாங்கள் சில குடும்பங்கள் ‘வேதக்காரங்க.’ ஒரு காம்பரா, ஒரு அறை, ஒரு குடும்பம். பக்கத்துக் காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். சொந்தம் ஒன்றும் இல்லை. அம்மாவை அவர் மதினி என்று கூப்பிட்டதால் எங்களுக்கு அத்தை. அவர் கணக்கில் வேதக்காரர் எல்லாரும் ஒரே ரகம்: ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்துவார்கள், கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும், மலைக்கு மலை ஒரு வேதம். கோயில்காரங்க என்றால் கத்தோலிக்கர். அவர்களுக்கு மெழுகுதிரி, சாம்பிராணி, மாதா சுரூபம், முழங்கால், கல்யாணம் கட்டாத சாமியார். சபைக்காரங்க என்றால் நாங்கள், புரட்டஸ்தாந்துக்காரர். எங்களுக்கு உட்கார்ந்து செபம், எழுந்து நின்று பாட்டு, பெண்சாதி பிள்ளைகளோடு குடித்தனம் நடத்துகிற போதகர், அவரை ஐயர் என்போம். எங்களுக்கும் அந்தப் பக்கம், ஆற்றில் முக்கி எடுக்கிற முழுக்குக்காரங்க. அவர்களுக்கும் அந்தப் பக்கம், கந்தப்பளைப் பக்கம் புதிதாக வந்திருந்த, காதில் கழுத்தில் ஒரு குண்டுமணி போடாமல் கைதட்டிப் பாடுகிறவர்கள். ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்த்து, பாவம், கிட்டத்தட்ட வந்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதையெல்லாம் ஒரு நாள் அம்மா பொறுமையாக விளக்கிச் சொல்ல, அத்தை கேட்டுவிட்டுத் தாடையில் கையை வைத்தார்.

“ஏன் மதினி, ஒரே சாமிங்கிறீங்க. அதுக்கு இத்தன லயமா?”

அம்மா அடுப்பை ஊதப் போய்விட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவிடம் ஒரு பதில் இருந்தது. அவர் தேயிலை ஆலையான ஸ்டோரில், கொழுந்தை வாட்டுகிற மேல்மாடியில் வேலை செய்தார். ஐயர் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அப்பாதான் வாசிப்பார், செபிப்பார். எங்களுக்குக் கட்டடம் கிடையாது, மணி கிடையாது, பெஞ்சு கிடையாது. எங்கள் காம்பராவில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, சாக்கை விரித்தால் அதுதான் ஆலயம். ஆனால் பாட்டு இருந்தது. நாங்கள் பாடுவதுதான் நாங்கள் என்று அப்பா சொல்லுவார். மீதி எல்லாம் மற்றவர்களிடமும் இருக்கிறதாம்.

அந்தப் பாட்டை எடுத்துக் கொடுப்பவள் என் அக்கா. கூந்தலை இறுக்கி முடிந்துகொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெல்ல ஆரம்பிப்பாள். இரண்டாவது அடிக்குள் எல்லார் வாயும் திறந்துவிடும். அவளுக்குத் தடுமன் பிடித்த வாரங்களில் எங்கள் ஆராதனை ஏற்றத்தில் மாட்டிய லொறி மாதிரி இரைந்துகொண்டு நிற்குமே தவிர நகராது.

லொறி என்றதும் அவர் நினைவு வருகிறது. அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்து லொறி டிரைவர். தேயிலைப் பெட்டிகளை ஹட்டன் ஸ்டேசனில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நிறுத்துவார். அவருடைய அம்மா அங்கே வார்டில் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் என் அம்மா, காய்ச்சலோடு. அம்மாவுக்குத் துணையாக அக்கா. இரண்டு கட்டிலுக்கும் ஒரே பிளாஸ்க். காலையில் சுடுதண்ணி பிடிப்பது அக்கா, சாயங்காலம் பிடிப்பது அவர். இரண்டு தாய்மாரும் முட்டுவலியிலிருந்து மருமகள் கனவு வரைக்கும் பேசித் தீர்த்தார்கள். எந்தக் கோயில் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. வேதம் என்பது இரண்டு பேர் கழுத்திலும் இருந்த சிலுவையில் தெரிந்தது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? ஒரு நாள் அவருடைய அம்மா தன் தட்டில் வந்த இறைச்சியை அப்படியே என் அம்மாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டாராம். பசி இல்லை போல என்று அம்மா தின்றுவிட்டாள். அக்கா மட்டும் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் ஐயரும் அவர்களுடைய சாமியாரும் ஒரே நேரத்தில் வார்டுக்குள் வந்தார்கள். ஒருவருக்கொருவர் தொப்பி எடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு கட்டிலுக்குப் போனார்கள். இரண்டு கட்டிலிலும் கிட்டத்தட்ட ஒரே செபம். சொற்கள்தான் அங்கொன்றும் இங்கொன்றும் வேறு. அவர்கள் முடித்த இடத்தில் நாங்கள் இன்னும் ஒரு வரி சொல்லுவோம். அந்த ஒரு வரிக்குள் டிரைவரின் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்து, இரண்டு தோளையும் தொட்டு முடித்துவிட்டது. அக்காவின் கை அசையவில்லை. இருவரும் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டார்கள். யாரோ இருவருக்கும் நடுவில் ஒரு பெஞ்சைத் தூக்கிப் போட்டதுபோல இருந்தது என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னாள்.

அவருடைய அம்மா, சபைங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றாள் அம்மா. அதற்கப்புறம் பிளாஸ்க் வந்தது, பேச்சு வரவில்லை.

ஆனால் கட்டினால் அக்காவைத்தான் என்று டிரைவர் விடவில்லை. வேறு இடத்தில் பெண் பார்க்கக் கூப்பிட்டால் லொறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஏதோ ரிப்பேர் என்பாராம். கடைசியில் அந்த அம்மா இறங்கி வந்தார். அரை மனதுதான். வந்து பேசுவோம், பெண் எங்கள் கோயிலுக்கு வருவதாக இருந்தால் பார்ப்போம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

அப்பா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“பொண்ணக் குடுக்கலாம்,” என்றார் அம்மாவிடம். “பாட்டக் குடுக்க முடியாது.”

அக்காவை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினேழு. அவளோடு அடுத்தடுத்த நிரையில் கொழுந்தெடுப்பேன். மூட்டம் இறங்கி, ஆளை ஆள் தெரியாமல், குரல் மட்டும் செடிக்கு மேலே மிதக்கிற ஒரு காலை. நாளெல்லாம் வாய் ஓயாதவள் அன்றைக்குப் பேசாமல் கிள்ளிக்கொண்டே போனாள். கூடை பாதி நிறைந்ததும் கேட்டாள்.

“அவங்க கோயில்ல பொம்பளைங்க பாடுவாங்களாடி?”

“தெரியலயே.”

“ஒனக்கு என்னதான் தெரியும்.”

அவ்வளவுதான். அவருக்காக அவள் முழங்கால் போடத் தயார், முக்காடு போடத் தயார், மாதாவுக்குத் திரி ஏற்றவும் தயார் என்று எனக்கு விளங்கியது. அந்த ஒன்றுதான் அவளுக்குத் தொண்டையில் நின்றது.

இப்படி இருக்கையில் வேலைநிறுத்தம் வந்தது. எங்கள் பக்கம், அக்கரப்பத்தனைப் பக்கம், எல்லா மலையிலும். விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கூப்பிடுகிற தப்பு மேளம் நின்றுபோனது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நாள் என்பது அந்தத் தப்புதான். அடித்தால் வேலை நாள், அடிக்காவிட்டால் ஞாயிறு. அடிக்கவே அடிக்காவிட்டால்? ஞாயிறு வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுத்தது. போதாக்குறைக்கு அப்பா வேலைநிறுத்தம் நல்லபடி முடியவேண்டும் என்று தினம் சாயங்காலம் எங்களை உட்காரவைத்துச் செபித்தார், பாடவைத்தார். அதனால் உண்மையான ஞாயிறு எது என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. காம்பராவில் ஒரு கலண்டர் தொங்கியது, போன வருடத்துடையது. படம் நன்றாக இருந்ததால் அம்மா கழற்றவில்லை.

ரொட்டிக்காரர்தான் தோட்டம் தோட்டமாகப் போய் வருவார். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அக்கரப்பத்தனைக்காரர்கள் நாளான்னைக்கு வருகிறார்களாம், காலை பஸ்ஸில், என்றார். என்ன கிழமை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நாளான்னைக்கு என்றால் நாளான்னைக்குத்தானே.

வேலை இல்லாத வீட்டில் விருந்துக்கு என்ன வைப்பது? அம்மா கூரையைப் பார்த்தாள், அரிசிப் பானையைப் பார்த்தாள், கடைசியில் சேவலைப் பார்த்தாள். செவலைச் சேவல். தப்புக்காரர் எழுவதற்கு முன்னாலேயே கூவி, நாலு லயத்திலும் ஏச்சு வாங்குகிற சேவல். தப்பு நின்ற நாட்களில் தோட்டத்துக்கு நேரம் சொன்னது அது ஒன்றுதான். அதைப் பிடிக்க நான் கோப்பிச் செடிக்குள்ளும் தண்ணிக் கானுக்குள்ளும் ஓடி, சீலை கிழிந்து, கடைசியில் அது தானாகக் களைத்து நின்றபோது பிடித்தேன்.

அன்றைக்குக் காலையில் பக்கத்துக் காம்பரா அத்தை தலை முழுகி, ஈரக் கூந்தலைத் துண்டில் முடிந்து, வாசலைச் சாணியால் மெழுகிக்கொண்டிருந்தார். எங்கள் அடுப்பில் மசாலா வதங்கும் வாசனைக்கு ஒரு தரம் மூக்கைச் சுழித்துவிட்டு, உள்ளே போனார். நான் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை. நாங்கள் எப்போதும் வெள்ளிக்கிழமை கவிச்சி தின்கிறவர்கள்தானே என்று அவரும் பேசாமல் இருந்துவிட்டார்.

மூன்று பேர் வந்தார்கள். டிரைவர், வெள்ளைச் சட்டையில், சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவருடைய அம்மா, கறுப்புச் செபமாலையை முந்தானை நுனியில் முடிந்துகொண்டு. அவருடைய தாய்மாமா, கோட்டுப் போட்டு, குடையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு. முதலில் சாப்பாடு, பிறகு பேச்சு என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பா செபித்தார். மலையில் பெய்த மழையிலிருந்து, வேலைநிறுத்தம், துரை, கங்காணிமார், ஆஸ்பத்திரி என்று ஒன்றையும் விடவில்லை. சோற்றில் ஆவி அடங்கியது. அவர் முடித்ததும் மூன்று பேரும் நெற்றியிலிருந்து சிலுவை போட்டார்கள். அப்பா அதைப் பார்க்காத மாதிரி தண்ணிச் செம்பை நகர்த்தி வைத்தார்.

நான் பரிமாறினேன். கால் துண்டை மாப்பிள்ளைக்கு வை என்று அம்மா கண்ணால் சொன்னாள், வைத்தேன். மாமா நெஞ்சுத் துண்டைக் குழம்பில் புரட்டினார். அந்த அம்மா சோற்றில் குழி பறித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பெரிதாக ஒரு கடி கடித்தார்.

அப்போதுதான் மணி அடித்தது. மாரியம்மன் கோயில் மணி, மேட்டிலிருந்து, நிதானமாக.

“என்னங்க மணி அது?” என்றார் அந்த அம்மா. சும்மாதான் கேட்டார்.

“நம்ம மாரியம்மன் கோயிலுங்க,” என்றார் அப்பா, உபசாரமாக. “வெள்ளிக்கெழமைன்னா மத்தியானம் பூச வைப்பாங்க.”

சொல்லிவிட்டுத்தான் அவருக்கே காதில் விழுந்தது. 

அந்த அம்மாவின் கை குழம்புக்கு மேலே அப்படியே நின்றது. மாமா தன் நெஞ்சுத் துண்டைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடுவது அவர்களுக்குப் பாவம். கோயில்காரரையும் சபைக்காரரையும் பிரித்துக் காட்டுகிற எத்தனையோ விசயங்களில், எங்கள் சட்டியும் பானையும் அறிந்த விசயம் அது ஒன்றுதான். அதையே மறந்திருந்தோம். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தோம். அவருடைய ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

துப்பவேண்டியதுதான். அவருடைய அம்மாவின் கண் அதைத்தான் சொன்னது. அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அக்கா நின்றாள், தண்ணிச் செம்போடு, வெளுத்துப்போய். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். அது தொண்டையில் இறங்குவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

மாமா எழுந்துவிட்டார். “தெரிஞ்சே செஞ்சிருக்காங்க. நம்மளச் சோதிச்சுப் பாக்குறாங்க, தங்கச்சி. எந்திரி.”

அப்பா வாயைத் திறந்தார். சாப்பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு வசனம் தெரியும். வசனம் அவருக்குத் தும்மல் மாதிரி, வந்துவிட்டால் அடக்க முடியாது. அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அடங்கிவிட்டது. அம்மா அகப்பையைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, கையைச் சீலையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். வீட்டில் இருந்த ஒரே சேவல். 

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசக்கூடாது. அக்கா அந்த அம்மாவைப் பார்த்துப் பேசினாள்.

“அத்தை, வெள்ளிக்கெழமன்னு தெரிஞ்சிருந்தா அந்தச் சேவல் இந்நேரம் கூவிக்கிட்டு இருக்குங்க.”

அந்த அம்மா நிமிர்ந்தார். “ஒங்களுக்கு வெள்ளி என்ன, சனி என்ன? நீங்க சபைக்காரங்க.”

“எங்களுக்கு இல்லீங்க. ஒங்களுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில வெள்ளிக்கெழம வந்த கறிய நீங்க தொடல. எங்கம்மா தட்டுல வச்சீங்க. ஏன்னு அன்னைக்கு வெளங்கல, பொறகுதான் வெளங்குச்சு.”

அந்த அம்மா அக்காவையே பார்த்தார். மாமாவுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. வீட்டில் நாள் கிழமை பார்க்கிற வழக்கம் வேண்டாமா, பெரியவங்க இருக்கிற வீடுதானே என்று குடையை ஊன்றி ஆரம்பித்தார். லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். சுவருக்கு மேலேயிருந்து பக்கத்து அத்தையின் குரல் வந்தது.

“ஏங்க, வந்த நீங்க மட்டும் கெழம பாத்தா பஸ் ஏறுனீங்க?”

மாமா கூரையை அண்ணாந்து பார்த்தார். மாப்பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே இருந்தது இறைச்சியா சிரிப்பா என்று தெரியவில்லை. அவர்களுடைய தோட்டத்திலும் தப்பு நின்றுதானே போயிருந்தது. அங்கேயும் ஞாயிறுதானே வந்து உட்கார்ந்திருந்தது.

அத்தை ஈரத்தலையோடு வாசலில் வந்து நின்றார். இடுப்பில் ஒரு பானை, கையில் ஒரு சட்டி. பருப்பு, போஞ்சிக்காய்ப் பொரியல், கொஞ்சம் ரசம். அவர் வீட்டு வெள்ளிக்கிழமைச் சமையல்.

“அம்மனுக்கு இன்னும் படைக்கல. பயப்படாமச் சாப்பிடுங்க,” என்றார். “அவ பொறுத்துக்குவா.”

சாமிக்குப் படைத்ததை வேதக்காரர் தொடமாட்டார்கள் என்பதையும் அவர் இத்தனை வருடச் சுவரின் வழியாகத் தெரிந்து வைத்திருந்தார். எல்லா ரகமும் ஒன்று என்று நினைக்கிறவருக்கு எங்கள் கூச்சங்கள் மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ.

நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டு வந்தேன். எல்லாரும் மறுபடி உட்கார்ந்தோம். அம்மா கோழிச்சட்டியை மூடி, அடுப்புக்குப் பின்னால் கண்ணில் படாமல் வைத்தாள். விருந்தாளிகள் பருப்பு தின்னும்போது நாம் கோழி தின்னலாமா என்று அப்பாவுக்கும் பருப்பையே ஊற்றினாள். அவர் அடுப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிசைந்துகொண்டார். அப்படியாக, மாரியம்மன் பெயரைச் சொல்லி ஒரு லயம், சேசு பெயரைச் சொல்லி மூன்று பேர், மரியாதையைச் சொல்லி நாங்கள் நாலு பேர், எல்லாரும் அன்றைக்குச் சைவம். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் லயம் முழுவதிலும் கோழி தின்ற ஒரே ஆள் ஒரு கத்தோலிக்கர்.

இதை நான் யோசிக்காத வருடமில்லை. எதைக் கொண்டு ஒரு சபையை இன்னொரு சபையிலிருந்து பிரிக்கிறார்கள் என்று பெரிய புத்தகங்கள் இருக்கின்றன. விசுவாசப் பிரமாணம், திருவிருந்து, குருப்பட்டத்துக்கு யார் தலையில் யார் கை வைத்தார்கள் என்ற வரிசை. சில புத்தகங்களைப் புரட்டியும் பார்த்தேன், பாதியில் எழுந்து நடந்துவிட்டேன். என் கண்ணுக்கு வருவதெல்லாம் நின்ற கையும், உப்பிய கன்னமும், ஒரு வரி முன்னால் முடிந்த செபமும்தான். ஒருவன் எங்கே நிறுத்துகிறான் என்பதில்தான் அவன் எந்தக் கோயில் என்று தெரிகிறது. எங்கே விழுங்குகிறான் என்பதில் வேறு ஏதோ தெரிகிறது. அதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.

வயிறு நிறைந்ததும் பேச்சு லேசாகிவிட்டது. கோயிலைப் பற்றிப் பேச அவ்வளவு தூரம் வந்தவர்கள் போஞ்சியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு தாய்மாமாவே ஆரம்பித்தார், இந்தத் தடவை குடையை மூலையில் சாத்தி வைத்துவிட்டு. கல்யாணம் தங்கள் கோயிலில்தான், பெண் அங்கே வரவேண்டும், சாமியார் வேறு எப்படியும் சம்மதிக்கமாட்டார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வாதாடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அங்க வந்தா எம்பொண்ணு பாடலாமுங்களா?”

அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் நிலையை அழுத்துவதை நான் பார்த்தேன். தேயிலைக் கறை படிந்த விரல்கள், நுனியில் மட்டும் வெள்ளையாக.

அந்த அம்மா செபமாலை முடிச்சை அவிழ்த்து, மறுபடி முடிந்தார். “எங்க கோயில்ல பாட்டெடுக்குற உபதேசியாருக்குத் தொண்ட போயி ரொம்ப நாளாச்சுங்க. இழுத்துக்கிட்டுத்தான் கெடக்கோம்.” அக்கா பக்கம் திரும்பினார். “எங்க, பாடு தாயி.”

அக்கா பாடினாள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு ஒன்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மெல்ல. இரண்டாவது அடியில் அப்பாவுக்கும் எனக்கும் வாய் திறந்துவிட்டது, பழக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. மாமாவின் கை பாயில் தாளம் போட்டது, போடுகிறோம் என்று தெரிந்ததும் நின்றது, பிறகு போகட்டும் என்று மறுபடி போட்டது. டிரைவர் யாரையும் பார்க்காமல் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்தப் பாட்டு தங்கள் கோயிலில் இல்லை, ஆனால் ராகம் நன்றாயிருக்கிறது, மாதாவுக்கு வேறு வார்த்தை போட்டுப் பாடினால் ஜோராக இருக்கும் என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அவரும் விழுங்கினார்.

மாதம் ஒரு தடவை ஐயர் வருகிற ஞாயிறு பெண்ணை இங்கே அனுப்பவேண்டும், அவளுடைய வேதப்புத்தகமும் பாட்டுப் புத்தகமும் அவளோடு வரும் என்று அம்மா சொன்னாள். அனுப்புறோம், வரட்டும் என்றார் அந்த அம்மா. அக்கா என் பக்கம் திரும்பி, மூட்டத்துக்குள் கேட்ட கேள்விக்கு இப்போதாவது பதில் தெரிந்ததா என்பதுபோல ஒரு புருவத்தை உயர்த்தினாள். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அம்மா கோழிக்குழம்பைச் சூடாக்கி, ஒரு துண்டும் குறையாமல் தூக்குச்சட்டியில் ஊற்றி, மூடியைச் சீலைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். நாளைக்குச் சனிக்கிழமைதானே, சூடுகாட்டித் தின்னுங்க என்றாள். எல்லாருமாக இறங்கி பஸ் ரோட்டுக்கு நடந்தோம். டிரைவர் முன்னால், அக்கா கடைசியில். நடுவில் இருந்த நாங்கள் அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதை மறைக்காமல் ஓரமாக ஒதுங்கி நடந்தோம். எனக்கு முன்னும் பின்னும் ஓடாமல் இருக்க முடியவில்லை. மூட்டம் கீழேயிருந்து ஏறி வந்தது. பஸ் விளக்குகள் வளைவில் தெரிந்தன.

மாமாவும் டிரைவரும் ஏறிவிட்டார்கள். அந்த அம்மா படியில் ஒரு காலை வைத்தவர், அம்மாவின் கையிலிருந்து தூக்குச்சட்டியை வாங்கி, குழம்பு சிந்தாமல் இடுப்போடு அணைத்துக்கொண்டார். கண்டக்டர் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அந்த அம்மா அவசரப்படவில்லை. திரும்பி, அம்மாவை அன்றுவரை கூப்பிடாத முறையில் கூப்பிட்டார்.

“சட்டிய நானே கொண்டாந்து தர்றேன், சம்மந்தி. கல்யாணத்த மட்டும் வெள்ளிக்கெழம வச்சிராதீங்க.”